ஆயிரத்துப் பதினொன்று யார்?

கோர்னி ஸ்லிவக் நகராட்சி அலுவலகத்தில் முப்பத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள். அதில் முப்பத்தொரு பேரை பென்கா கலாஜியேவா எண்ணால்தான் அறிவாள். முப்பத்திரண்டாவது ஆள் அவளே. அவளுக்கு எண் பூஜ்யம்.

இதில் கிண்டல் ஒன்றும் இல்லை. நகராட்சியின் சர்வரில் யாருக்காவது புதிதாகக் கணக்குத் திறந்தால், அது அவருக்கு ஓர் எண்ணை ஒதுக்கும். பூஜ்யம் மட்டும் சர்வரையே நிர்வகிக்கிறவருக்கு, அதாவது பென்காவுக்கு. எந்தக் கோப்பு யாருக்குச் சொந்தம் என்று அது எழுதி வைத்துக்கொள்வதும் அந்த எண்ணில்தான். பெயரெல்லாம் நம் சௌகரியத்துக்கு. கோப்புப் பட்டியலைத் திரையில் வரவழைக்கிறவர்கள் சொந்தக்காரரின் பெயரைப் பார்ப்பார்கள். பென்கா எண்ணாகவே வரச் சொல்லிப் பார்ப்பாள். பெயர் ஏமாற்றும், எண் ஏமாற்றாது என்பது அவள் கட்சி. பேச்சிலும் அதே வழக்கம். "ஆயிரத்து மூணுக்கு இன்னிக்குப் பேர் நாளு. சாக்லேட் டப்பா வந்திருக்கு, போய் எடுத்துக்குங்க" என்பாள். ஆயிரத்து மூன்று என்பது நகராட்சித் தலைவரின் செயலாளர் ஸ்னேஷா. பேர் நாள் என்பது எங்கள் பக்கத்தில் அவரவர் பெயருக்கு உரிய புனிதரின் நாள், பிறந்தநாள் போல இனிப்புக் கொடுப்பார்கள். ஸ்னேஷாவே இப்போதெல்லாம் போனை எடுத்தால் "ஆயிரத்து மூணு பேசறேன்" என்றுதான் ஆரம்பிக்கிறாள்.

புதிதாகச் சேருகிறவர்களின் எண்ணை மட்டும் பென்கா ஆறு மாதம் வரை மனதில் ஏற்றிக்கொள்வதில்லை. நிலைக்கிற ஆளா, நழுவுகிற ஆளா என்று தெரியாமல் மூளையில் இடம் கொடுப்பானேன் என்று கேட்பாள்.

அவளுக்கு ஐம்பத்தேழு வயது. எங்கள் ஊர் நூற்பாலையில், ஓட்டை போட்ட அட்டைகளால் கணினிக்குச் சாப்பாடு போட்ட காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். ஆலையின் பண்டகசாலைச் சாவி அப்போது எல்லோரிடமும் இருந்தது. சோஷலிசம் அல்லவா, எல்லாம் எல்லோருக்கும். ஆலை மூடப்பட்ட வாரத்தில் முதலில் நூல் போனது. அப்புறம் மோட்டார்கள் போயின. கடைசியில் பண்டகசாலைக் கதவே போய்விட்டது. சாவி மட்டும் எல்லோரிடமும் பத்திரமாக இருந்தது. அந்தக் கதவில்லாத வாசலில் நின்று அழுதவள் பென்கா ஒருத்திதான். அன்றைக்கு முடிவு செய்தாள்: இனி என் பொறுப்பில் இருக்கிற எதற்கும், தேவைக்கு மேல் ஒருவனுக்கும் அனுமதி கிடையாது.

வீட்டிலும் இதுதான் சட்டம். அவள் கணவன் மின்கோ பேருந்து ஓட்டுகிறவன், சர்க்கரை வியாதிக்காரன். குளிர்பதனப் பெட்டியின் மேல் தட்டை அவன் பார்க்கலாம், எடுக்கலாம். நடுத்தட்டைப் பார்க்க மட்டும் செய்யலாம். கீழ்த்தட்டில் என்ன இருக்கிறது என்பது அவனுக்கு இன்றுவரை தெரியாது. "பக்லாவா இனிப்பாத்தான் இருக்கும்" என்று மதுக்கடையில் சொல்லிப் பெருமூச்சு விடுவான்.

சர்வரிலும் விஷயம் இவ்வளவுதான். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சொந்தக்காரர், அவருடைய கூட்டாளிகள், மற்றபடி ஊரார் என்று மூன்று வகை மனிதர்கள். ஒவ்வொரு வகைக்கும் பார்க்கலாமா, மாற்றலாமா, ஓட்டலாமா என்று மூன்று அனுமதிகள். பார்க்க நாலு, மாற்ற இரண்டு, நிரலாக ஓட்ட ஒன்று என்று கணக்கு, மூன்றும் சேர்ந்தால் ஏழு. சொந்தக்காரருக்கு ஏழு, கூட்டாளிக்கு ஏழு, ஊராருக்கும் ஏழு என்று போட்டுவிட்டால் தெருவில் போகிறவன்கூட உள்ளே வந்து எதையும் மாற்றலாம், கொளுத்தலாம். உலகத்துச் சோம்பேறிகள் அத்தனை பேருக்கும் அனுமதிச் சிக்கல் என்றால் முதலில் கை போகிற இடம் இந்த மூன்று ஏழுதான். போட்ட மறுநிமிடம் எல்லாம் வேலை செய்யும். பென்கா பத்தொன்பது வருஷத்தில் ஒரு முறைகூட அதைப் போட்டதில்லை. அதைப் போடுகிறவர்களைப் பற்றி அவள் சொல்வதை இங்கே எழுத முடியாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. யாராவது வேலையை விட்டுப் போனால், பிரிவு விருந்து தொடங்குவதற்கு முன்பே அவர் கணக்கை அழித்துவிடுவாள். அப்படித்தான் மே மாதம் பனாயோத் போனான். இணையதளத்தைக் கட்டியவன் அவன். தலைநகரில் ஒரு கம்பெனியில் நல்ல வேலை கிடைத்துவிட்டது. வீட்டிலிருந்து பெரிய தட்டில் பானிட்சா, அதாவது பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட அடுக்குப் பணியாரம், கொண்டு வந்திருந்தான். மேஜையில் வைத்துவிட்டுக் கத்தி தேடப் போனான். அவன் கத்தியோடு திரும்புவதற்குள் ஆயிரத்துப் பதினொன்று என்ற கணக்கு உலகத்தில் இல்லை. பென்கா நிம்மதியாக வந்து ஓரத்துத் துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டாள்.

அவனுக்குப் பதிலாக ஆகஸ்ட் கடைசியில் வந்து சேர்ந்தவர் தோப்ரி. அறுபத்தோரு வயது. முப்பது வருஷம் ஊர்ப் பித்தளை வாத்தியக் குழுவில் தூபா ஊதியவர். மூச்சு குறைந்து போனதால் இணையதளத்தில் படம் ஏற்றுகிற வேலைக்கு வந்தார். தூபாவுக்கும் படம் ஏற்றுவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. தலைவர் ராஷ்கோ வெலெவுக்கு அவர் சகலை. அதுதான் சம்பந்தம்.

தோப்ரிக்குக் கணக்குத் திறந்த அன்று, எல்லாப் புதியவர்களுக்கும் செய்வது போலவே நாற்பது நிமிடம் பிரசங்கம் செய்தாள் பென்கா. மற்றவர்கள் அந்த நாற்பது நிமிடமும் ஜன்னலைப் பார்ப்பார்கள். தோப்ரி ஒரு நோட்டில் வரிவரியாக எழுதிக்கொண்டார். பென்காவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

விவகாரம் வெடித்தது செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை. வருஷா வருஷம் நடக்கிற பிளம் திருவிழாவுக்குக் கடை பிடிக்கிற நாள் அது. காலை ஒன்பது மணிக்கு இணையதளத்தில் பதிவு ஆரம்பித்து மாலை ஐந்துக்கு முடியும். முதலில் பதிகிறவர்களுக்கு வால்நட் மர நிழல். கடைசியில் வருகிறவர்களுக்குக் கழிப்பறைப் பக்கம். இதில் உறவுகள் முறிந்திருக்கின்றன, ஒரு கல்யாணம் நின்றிருக்கிறது.

ஒன்பது மணிக்கு ஊர் முழுக்க விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தது. திரையில் வந்தது ஒரே வரி: தடை. இதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை.

வேறு ஊராக இருந்தால் கோளாறு என்று நினைத்திருப்பார்கள். எங்கள் ஊரில் எல்லோரும் பென்காதான் வேண்டுமென்றே சொல்கிறாள் என்று நினைத்தார்கள். ஸ்னேஷாவின் போன் ஓயவில்லை.

"பென்காவுக்கு என் மேல என்ன கோவம்னு கேட்டுச் சொல்லும்மா" என்றாள் ஊறுகாய்க்காரி ஒருத்தி. "போன வருஷம் குடுத்த ஜாடில உப்பு ஜாஸ்தின்னா நேர்ல சொல்லியிருக்கலாமே."

பென்கா பட்டியலைப் பார்த்தாள். இணையதளத்தின் கோப்புகள் அத்தனையிலும் கூட்டாளிகளின் அனுமதியும் ஊராரின் அனுமதியும் உருவப்பட்டு, சொந்தக்காரர் ஒருவருக்கு மட்டும் விடப்பட்டிருந்தன. இணையதளத்தை வெளியே காட்டுகிற நிரல் ஊரார் கணக்கில்தான் வரும். வாசலில் நின்று தவித்துக்கொண்டிருந்தது பாவம். அவள் எப்போதோ எழுதி வைத்திருந்த பழுதுபார்க்கும் கட்டளையைத் தட்டினாள். அனுமதிகள் பழைய இடத்துக்கு வந்தன. தளம் திறந்தது. பதினோரு பேர் பதிந்தார்கள். ஒன்பது நாற்பதுக்கு மறுபடியும் தடை.

மறுபடியும் திறந்தாள். பத்தே காலுக்கு மூடிக்கொண்டது. திறந்தாள். பத்தே முக்காலுக்கு மூடிக்கொண்டது. யாரோ எதிரே உட்கார்ந்துகொண்டு அவளோடு மல்லுக்கு நிற்பது போல இருந்தது. அவள் கழுத்தில் சிவப்புத் திட்டுகள் வந்துவிட்டன. பட்டியலை மேலும் கீழும் உற்றுப் பார்த்தாள். அனுமதியை மாற்ற வேண்டுமானால் ஒன்று அவளாக இருக்க வேண்டும், இல்லை கோப்பின் சொந்தக்காரராக இருக்க வேண்டும். சொந்தக்காரர் பத்தியில் மேலிருந்து கீழ் வரை ஒரே எண்தான் இருந்தது. ஆயிரத்துப் பதினொன்று.

"பனாயோத்!" என்று பல்லைக் கடித்தாள்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. பனாயோத் போய்ச் சேர்ந்த அந்தத் தலைநகரக் கம்பெனி, நகராட்சியின் சர்வரை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று மூன்று மாதமாகத் தலைவரின் காதைக் கடித்துக்கொண்டிருந்தது. கடிதம் தயாராகித் தலைவரின் மேஜையில் கையெழுத்துக்குக் கிடந்தது. கையெழுத்து விழுந்தால் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அந்தச் சின்ன அறையிலிருந்து சர்வரைக் கழற்றி வண்டியில் ஏற்றிவிடுவார்கள். பென்காவைப் பிறப்பு இறப்புப் பதிவேட்டுக்கு மாற்றிவிடுவார்கள். வேலை போகாது. ஆனால் பத்தொன்பது வருஷமாக ஒரு கோப்புகூடத் தொலையாமல் அவள் காத்த சர்வர் போய்விடும். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியதில்லை.

பதினொரு மணிக்குத் தலைவர் ராஷ்கோ இறங்கி வந்தார். அடுத்த மாதம் தேர்தல். அதனால் அவர் முகம் எப்போதும் புகைப்படத்துக்கு நிற்பது போலவே இருக்கும். இன்றைக்கு அதில் வியர்வை.

"பென்காக்கா, என்னதான் நடக்குது? என் அத்தைக்கே கடை கிடைக்கல. போன் பண்ணி என்னைப் பெத்தவளோட சேர்த்துத் திட்டுது."

"யாரோ வேலை காட்டறான், தலைவரே. கண்டுபிடிச்சிடுவேன்."

"கண்டுபிடிக்கறது அப்புறம் இருக்கட்டும். அந்த மூணு ஏழுன்னு ஒண்ணு இருக்காமே? போட்டாத் திறந்துக்குமாம். போட்டுத் தொலைங்களேன்."

"என் கை போடாது."

"அப்ப என் கை கையெழுத்துப் போடும்" என்றார் ராஷ்கோ. "அஞ்சு மணி. அஞ்சு மணிக்கு இது ஓடிக்கிட்டு இருக்கணும், ஏன் நின்னுச்சுன்னும் எனக்குத் தெரியணும். இல்லேன்னா அந்த லெட்டர் போகுது. நான் மிரட்டலக்கா, சொல்றேன்."

பென்கா கையைக் கட்டிக்கொண்டாள். தலைவர் போனதும் விரல்களை விசைப்பலகைமேல் வைத்தாள். ஏழு என்ற எண்ணை ஒரு முறை தட்டினாள். இரண்டாவது முறையும் தட்டினாள். ஆலையின் கதவில்லாத வாசல் கண்ணில் வந்து நின்றது. இரண்டு ஏழுகளையும் அழித்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"பனாயோத்! யோக்கியன் மாதிரி ஹலோன்னு வேற சொல்றியா?"

"யாரு, பென்காக்காவா? நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்க்கா."

"என் ஃபோல்டரையெல்லாம் பூட்டிட்டு உனக்குத் தொண்டையில எப்படிடா இறங்குது? பீன்ஸ் சூப்பா? நல்லாக் குடி. பத்தொம்பது வருஷம், ஒரு ஃபைலு தொலைச்சிருப்பேனா? உனக்குப் பாஸ்வேர்டு மறந்தப்ப எத்தனை தடவை வாயத் திறக்காம மாத்திக் குடுத்திருப்பேன்? அந்த நன்றிக்கு இதா?"

"வாயத் திறக்காமலா? அரைமணி நேரம் திட்டிட்டுத்தானே குடுப்பீங்க. இப்ப எதுக்குத் திட்டறீங்கன்னு சொல்லுங்க."

"ஆயிரத்துப் பதினொண்ணு காலைல இருந்து வெப்சைட்டை மூடிக்கிட்டு இருக்கு. அது நீதானே?"

அந்தப் பக்கம் கரண்டி கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"அக்கா, என் கணக்கை எப்ப அழிச்சீங்க?"

"மே பதினேழு. பதினொண்ணே கால்."

"நான் பானிட்சா வெட்டினது பதினொண்ணரைக்கு. என் பொண்ணு ஞானஸ்நான ஃபோட்டோவெல்லாம் அதுக்குள்ள இருந்துச்சு. அதக்கூட எடுக்க விடல நீங்க. நாலு மாசமா என் மாமியார் கேக்கறாங்க, என்ன சொல்றதுன்னு தெரியாம முழிக்கறேன். செத்துப்போன கணக்குல நான் எப்படிக்கா உள்ள வருவேன்? ஆவியாவா?"

அவன் சொன்னது சரி. அழித்தவள் அவளேதான். அவள் அழித்த கணக்கில் கடவுளே வந்தாலும் நுழைய முடியாது.

"கோவிச்சுக்காதீங்க" என்றான் பனாயோத். "ஒரே ஒரு தடவை நம்பரை விட்டுட்டு, அந்த நம்பர் இப்ப யாரு பேர்ல இருக்குன்னு பாருங்க."

போனை வைத்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. இடையில் தளத்தை மேலும் இரண்டு முறை திறந்தாள், இரண்டு முறையும் மூடிக்கொண்டது. பெயரைப் பார்ப்பது என்றால் அவளுக்கு ஏதோ தோற்றுப்போவது போல. பிடிவாதம் பிடித்துப் பழைய பதிவுகளில் எண்ணாகவே தேடித் தேடி மூன்றரை மணிவரை ஓட்டினாள். தேடிய இடத்திலெல்லாம் ஆயிரத்துப் பதினொன்றுதான் வந்து நின்றது. கடைசியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு அந்தக் கேள்வியைத் தட்டினாள்.

திரையில் பதில் வந்தது: தோப்ரி.

நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். விஷயம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அவள் ஆளை அழித்தாள், ஆளின் கோப்புகளைக் கைமாற்றவில்லை. ஆயிரக்கணக்கான கோப்புகள் ஆயிரத்துப் பதினொன்று என்ற எண்ணைக் கட்டிக்கொண்டு மூன்றரை மாதம் அநாதையாக இருந்தன. ஆகஸ்டில் புதிய கணக்குத் திறந்தபோது, சர்வர் காலியாக இருந்த எண்ணை எடுத்து தோப்ரிக்குக் கொடுத்தது. அந்த நிமிடத்திலிருந்து ஊரின் இணையதளம் முழுக்க, தலைவரின் பேச்சுகள் முதல் குப்பை வண்டி வரும் நேரம் வரை, தூபா ஊதுகிறவருக்குச் சொந்தம். ஒருவர் காலி செய்த வீட்டுக்கு அதே கதவு எண்ணோடு அடுத்தவர் குடிவர, முன்னவரின் சாமான் எல்லாம் இவருடையதாகிவிட்ட கதை.

பென்கா தோப்ரியின் அறைக்கு ஓடினாள். அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை. ஸ்னேஷா தீவிபத்து என்று நினைத்துக் கைப்பையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

தோப்ரி திரைக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, தூபாவுக்கு மூச்சு இழுப்பது போல இழுத்துப் பிடித்துக்கொண்டு, அனுமதிக் கட்டங்களில் இருந்த குறிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

"வா தங்கச்சி, நல்ல நேரத்துல வந்தே" என்றார். "நானே வரலாம்னு இருந்தேன். எவனோ ஒரு திருட்டுப்பய காலைல இருந்து நம்ம ஃபைலையெல்லாம் திறந்து திறந்து விடறான். நானும் விடாம பூட்டிக்கிட்டே இருக்கேன். அவன் சளைக்கல, நானும் சளைக்கல."

"அந்தத் திருட்டுப்பய நான்தான், தோப்ரி அண்ணே."

தோப்ரி மூச்சை விட்டார். நெடுநேரம் விட்டார்.

"நீயா? நீயா திறந்து விடறே? எனக்கு அவ்வளவு தூரம் சொல்லிட்டு?" அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. நோட்டை எடுத்துப் பிரித்தார். "இங்க பாரு. நீ சொன்னது. 'உங்க பேர்ல இருக்கறதுக்கு நீங்கதான் பொறுப்பு. வேலையில்லாதவங்களுக்குத் திறந்து வைக்காதீங்க.' ரெண்டு கோடு போட்டு வச்சிருக்கேன்."

"சரி அண்ணே. ஆனா இத்தனை நாளா விட்டுட்டு இன்னிக்கு எதுக்கு?"

"மூணு வாரமா திரையில இந்த ஃபைல் பட்டியல் பெட்டியச் சின்னதாவே வச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தேன். இன்னிக்குக் காலைல கை பட்டு அகலமாயிடுச்சு. ஓரத்துல பார்த்தா, சொந்தக்காரர் தோப்ரி, சொந்தக்காரர் தோப்ரின்னு கீழ வரைக்கும் போகுது. எனக்கே ஆச்சரியம். சரி, நம்ம ராஷ்கோ பண்ணியிருப்பான், சொல்லக் கூச்சப்படறான்னு நினைச்சேன். அப்புறம் பார்த்தா எல்லாம் ஊருக்கே திறந்து கிடக்கு! பதறிட்டேன். மதியம் சாப்பிடக்கூடப் போகல தங்கச்சி."

பென்காவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பத்தொன்பது வருஷமாக அவள் பிரசங்கம் செய்திருக்கிறாள். ஒருவர் அதை வார்த்தை மாறாமல் கேட்டிருக்கிறார். அதனால் ஊரே மூடிக்கிடக்கிறது.

அங்கேயே அவர் கணினியிலிருந்து தன் பூஜ்யக் கணக்கில் நுழைந்து, கோப்புகள் அத்தனையையும் அவர் பெயரிலிருந்து எடுத்து இணையதளத்துக்கென்று தனிக் கணக்குத் திறந்து அதன் பெயருக்கு மாற்றினாள். அனுமதிகளைப் பழையபடி வைத்தாள். தளம் திறந்தது. இந்த முறை மூடிக்கொள்ளவில்லை. மணி நாலே கால். எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. நிழலுக்காக ஊர் அடித்துக்கொள்வது திரையிலேயே தெரிந்தது.

நாலரைக்கு ராஷ்கோ வாசலில் நின்றார். கையில் கடிதம். "ஓடுதுன்னு சொன்னாங்க. சந்தோஷம். யாரு பண்ணினது? பனாயோத்தா?"

தோப்ரி எழுந்து நின்று நோட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டார். அவர் காதெல்லாம் சிவந்துவிட்டது. உங்கள் சகலைதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தலைவர் வாயடைத்துப் போவார் என்று பென்காவுக்குத் தெரியும். நாக்கு நுனிவரை வந்ததும் உண்மை. ஆனால் உலகத்திலேயே அவள் பேச்சை எழுதிக்கொண்ட ஒரே மனிதர் அவர். காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை.

"நான்தான்" என்றாள். "பனாயோத் கணக்கை அழிச்சப்ப ஃபைலையெல்லாம் வேற பேருக்கு மாத்தியிருக்கணும். மாத்தல. அவன் நம்பர் வேற ஆளுக்குப் போயிடுச்சு. நான் பேரைப் பார்க்காம நம்பரையே பார்த்துக்கிட்டு நாள் முழுக்க ஓட்டிட்டேன். தப்பு என்னுது."

ராஷ்கோவின் முகத்தில் பரிதாபமும் நிம்மதியும் சேர்ந்து வந்தன. அவருக்கு வேண்டிய காரணம் வெள்ளித்தட்டில் வந்துவிட்டது. பேனாவை எடுத்து மூடியைத் திருகினார். "நேர்மையாச் சொன்னீங்க, அக்கா. அதுக்கு என் மரியாதை உண்டு. ஆனா இது காட்டுது பாருங்க, நமக்கு இனிமே கட்டுப்படி ஆகாது. கம்பெனிக்காரங்க கிட்ட என்னென்ன ஒப்படைக்கணும்?"

"எல்லா ஃபைலும். அப்புறம் தினமும் எடுக்கற நகல். எந்த ஃபைலு எந்தத் தேதியில யார் பேர்ல இருந்துச்சுங்கற பதிவு. எல்லாம் அவங்களுக்கு வேணும்."

"குடுத்துடுங்க." கடிதத்தை மேஜையில் வைத்துக் குனிந்தார். பேனா தாளைத் தொட்டது. பிறகு சும்மா கேட்கிற தோரணையில் கேட்டார்: "வேற ஆளுக்குப் போச்சுன்னீங்களே, யாருக்கு?"

பென்கா தயங்கினாள். தோப்ரிதான் பதில் சொன்னார், பெருமையாகவே சொன்னார்: "எனக்குத்தான் ராஷ்கோ. மூணு வாரமா நகராட்சி வெப்சைட்டு முழுக்க என் பேர்ல இருந்திருக்கு. நீதான் எழுதி வச்சேன்னு நினைச்சேன்."

பேனா அப்படியே நின்றது.

எங்கள் பக்கத்தில் நகராட்சியின் சொத்து எதுவானாலும் தலைவரின் சகலை பெயருக்கு மாறினால் என்ன அர்த்தம் என்று பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ராஷ்கோவுக்கு முன்னால் இருந்த தலைவர் பதவி இழந்தது அப்படித்தான். மச்சான் பெயரில் ஒரு வண்டி நிறுத்துமிடம், அவ்வளவுதான். அதைச் சொல்லிச் சொல்லியே ராஷ்கோ ஜெயித்தார். இப்போது தேதி வாரியாக, கோப்பு வாரியாக, சொந்தக்காரர் தோப்ரி, சொந்தக்காரர் தோப்ரி என்று ஒரு பதிவு. அதை அவரே கையெழுத்துப் போட்டுத் தலைநகருக்கு அனுப்பப் போகிறார்.

"பென்காக்கா" என்றார் மெதுவாக. "அந்தப் பதிவுல அந்த மூணு வாரத்தை மட்டும் அழிச்சிட முடியாதா?"

"அதுல எழுதத்தான் முடியும், தலைவரே. அழிக்கற அனுமதி யாருக்கும் இல்ல. எனக்கும் இல்ல. நானே எனக்கு எடுத்துட்டேன்."

"பார்க்கற அனுமதி யார் யாருக்கு இருக்கு?"

"எனக்கு மட்டும்."

"நீங்க காலைல அந்த மூணு ஏழு போட்டிருந்தா?"

"ஊருக்கே இருந்திருக்கும்."

ராஷ்கோ தோப்ரியின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஸ்னேஷா தண்ணீர் கொண்டு வந்தாள். குடித்தார். கடிதத்தை நாலாகக் கிழித்தார். குப்பைக்கூடையைப் பார்த்தார், ஸ்னேஷாவைப் பார்த்தார், கிழித்ததைத் தன் சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டார்.

"சர்வர் இங்கதான் இருக்கட்டும்" என்றார். "உங்களை மாதிரிப் பொறுப்பா யார் பார்த்துக்குவாங்க?"

பென்கா தன் அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதாள். சர்வர் பிழைத்துவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் பத்தொன்பது வருஷம் அவள் கண்ணும் கருத்துமாகக் காத்ததற்காக அது பிழைக்கவில்லை. அவள் செய்த ஒரே தப்பினால், அதில் ஒரு சகலை வந்து மாட்டியதால் பிழைத்தது. அது அவளுக்கு வலித்தது. மூக்கைச் சிந்தினாள். ஐந்து மணிக்குப் பதிவை மூடும்போது நூற்று நாற்பத்திரண்டு கடைகள் இருந்தன. அன்றே பழைய நகலைத் திறந்து பனாயோத்தின் குழந்தைப் படங்கள் நாற்பதையும் அவனுக்கு அனுப்பினாள். கூடவே, வாழ்க்கையில் முதல் முறையாக, மன்னிப்பு என்ற சொல்லை எழுதினாள். இனிமேல் யார் போனாலும் கணக்கை அழிப்பதில்லை, பூட்டி மட்டும் வைப்பது என்றும் முடிவு செய்தாள்.

திங்கட்கிழமை காலை அவள் அறைக் கதவை யாரோ தட்டினார்கள். பத்தொன்பது வருஷத்தில் ராஷ்கோவோடு சேர்த்து நாலு தலைவர்களைப் பார்த்துவிட்டாள். நாலு பேரும் அந்த அறைக்குள் தங்கள் வீட்டுச் சமையலறைக்குள் நுழைவது போலத்தான் நுழைவார்கள். இப்போது கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ராஷ்கோ நின்றிருந்தார், கையில் பெரிய சாக்லேட் டப்பா. அன்றைக்கு யாருக்கும் பேர் நாள் இல்லை.

"உள்ள வரலாமாக்கா?" என்று கேட்டார்.

பென்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரத்துக்கு?"

"ரெண்டே நிமிஷம்."

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். "சரி, வாங்க" என்றாள்.